திருஷ்டிக் கயிற்றில் ஒரு தேன்சிட்டு

தேன்சிட்டின் நாக்கை நான் பார்த்திருக்கிறேன். வளைந்த கறுப்பு அலகுக்கு வெளியே, தையல் நூலைவிட மெல்லியதாக நீண்டு, ஒரு பூவுக்குள் போய்த் திரும்பியது. என் மூக்குக்கும் அந்தப் பூவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, கையில் கேழ்வரகுக் கூழ்க் கிண்ணம். "காக்கா பாரு, காக்கா பாரு" என்று பொய் சொல்லி ஒரு வாய் ஊட்டப் பின்வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காக்கா பார்க்க வந்த குழந்தைக்குக் கிடைத்தது கட்டைவிரல் அளவில் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் ஒரு பறவை. அவள் வாயைத் திறந்தாள். ஊட்ட வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

மஸ்கட்டில், ரூவியிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு போகும் சாலையில் இருந்தது அந்த வீடு. தரைத்தளத்தில் இரண்டு அறை. பின்னால் சிமென்ட் பூசிய சின்ன முற்றம். அதில் துணிக்கொடி, வாஷிங் மெஷின், கேஸ் சிலிண்டர், ஏசியின் வெளிப்பெட்டி. மரம் என்று எதுவும் இல்லை. இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் லாத்தா வீடு. லாத்தா காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கணவர் ரூவியில் துணிக்கடை வைத்திருந்தார். லாத்தா வளர்த்த காகிதப்பூக் கொடி எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கும். முற்றத்தில் பச்சை என்றால் அது ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு, ஆனால் அதை நான் செடிக் கணக்கில் சேர்த்ததில்லை. அத்தை, அதாவது என் மாமியார், அனுப்பிவைத்த கற்றாழை அது.

குழந்தை பிறந்து நான் ஊரிலிருந்து திரும்பியதுமே போனில் அத்தை சொல்ல ஆரம்பித்துவிட்டார். "பச்சப்பிள்ள இருக்க வீட்ல கத்தாழ தொங்கணும் பாத்துக்கோ. கண்ணு பொல்லாதது." லீவு முடிந்து வந்த ஒருவரின் பெட்டியில், வத்தல் பொட்டலத்துக்கும் முறுக்குக்கும் நடுவே, வேரோடு பிடுங்கி மஞ்சள் பூசிய ஒரு கற்றாழை மஸ்கட் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு படிகாரக் கட்டி, கறுப்புக் கயிறு. வேர் மேலே, இலை கீழே இருக்கும்படி தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. காற்றைக் குடித்தே அது உயிரோடு இருக்கும். அத்தையின் விதிகள் எளிமையானவை. பசுமையாக இருந்தால் வீட்டில் எல்லாரும் நன்றாக இருப்பார்கள். பூத்தால் நல்லது நடக்கும். அழுகினால், வீட்டுக்கு வந்த கண்ணையெல்லாம் அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அடுத்த அமாவாசைக்குள் கழற்றி எறிந்துவிட வேண்டும். கழற்றாமல் விட்டால் வாங்கியதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே கொட்டிவிடும்.

"முன்வாசல்ல வேண்டாம்" என்றார் என் கணவர். "ஓனர் மேல்வீட்டுக்குப் போகையில எல்லாம் பாப்பாரு. என்ன ஏதுன்னு கேட்டா, அரபில திருஷ்டிக்கு நான் எங்க போய் வார்த்த தேட?"

மதிலுக்கு அப்பால் லாத்தா சிரித்தார். "அவங்களுக்குத் தெரியாத கண்ணேறா தம்பி? நீங்க கேட்டா அவர் நாலு கதை சொல்லுவாரு."

இருந்தாலும் பின்வாசலுக்குத்தான் போனது. அங்கே நிலைக்கு மேல் ஏசிக் குழாய்க்காக யாரோ அடித்த ஒரு ஆணி இருந்தது.

நான் கணிதம் படித்தவள். தலைகீழாகத் தொங்கும் செடிக்கும் என் மகளின் சளிக்கும் தொடர்பில்லை என்று கரும்பலகையில் நிரூபிக்கச் சொன்னால் நிரூபித்துவிடுவேன். ஆனால் காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவதற்கு முன்னால் போய் அதன் இலையை அழுத்திப் பார்ப்பதும் நான்தான். அழுத்தமாக இருந்தால் அன்றைக்கு நிம்மதி. கொஞ்சம் தொய்ந்திருப்பதுபோல் பட்டால் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அதோடும் விடமாட்டேன். நேற்றும் இப்படித்தான் இருந்ததோ, நான்தான் இன்று அதிகமாக அழுத்தினேனோ என்று திரும்பப் போவேன்.

குளிர்காலம் முடியும்போது அந்தக் கற்றாழை பூத்தது. கீழ்நோக்கித் தொங்கிய இலைகளின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, கழுத்தைத் திருப்பி, வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. அதில் மஞ்சளாக, குழல் குழலாகப் பூக்கள். அத்தையிடம் சொன்னபோது போனிலேயே ஒரு தேங்காய் உடைக்கிற உற்சாகம் கேட்டது. மறுநாள் வந்ததுதான் அந்த நாக்கு.

பாப்பாவுக்கு ஒரு படப் புத்தகம் இருந்தது. கெட்டி அட்டை, ஓரமெல்லாம் அவள் பல் பதிந்த தடம். அதில் எச் எழுத்துக்கு ஒரு பறவை பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும். நான் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய்க் கணவருக்கு போன் செய்தேன். அவர் ஏசி பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பகலில் நான் கூப்பிட்டதே இல்லை.

"என்ன? பாப்பாவுக்கு என்ன?" என்றார் எடுத்ததுமே.

"ஒண்ணுமில்லங்க. நம்ம பின்வாசல்ல ஹம்மிங் பேர்டு."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம். "நான் டூட்டில இருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். ஹம்மிங் பேர்டு அமெரிக்கா இருக்கும் அந்தப் பாதி உலகத்தில்தான் இருக்குமாம், இந்தப் பக்கம் கிடையவே கிடையாதாம். "இது தேன்சிட்டு. நம்ம ஊர் முருங்கப்பூல வருமே, அதுதான். இதுக்குப் போய் போன் பண்ணியே" என்றார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள், விடுமுறையான வெள்ளிக்கிழமை, பின்வாசல் கதவைச் சாய்த்து வைத்துக்கொண்டு இடுக்கு வழியாக அரை மணி நேரம் மூச்சுவிடாமல் நின்றவர் அவர்தான்.

இரண்டு பறவைகள். ஆண் முதலில் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. வெயில் பட்டதும் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து கத்தரிப்பூ நிறமும் மயில்நீலமும் எண்ணெய்போல் ஓடின. பெண்ணுக்கு அந்த ஆடம்பரம் ஒன்றுமில்லை. முதுகு மங்கல், வயிறு வெளிறிய மஞ்சள். ஆனால் வேலையெல்லாம் அதுதான் செய்தது. பூவில் தேன் குடிக்க வந்தது, ஒரு நாள் தேனை விட்டுவிட்டுக் கறுப்புக் கயிற்றின் பிசிரை இழுத்துப் பார்த்தது. கால்களால் கயிற்றைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி ஆராய்ந்தது. பிறகு எங்கிருந்தோ சிலந்தி வலையை அலகில் சுருட்டிக்கொண்டு வந்து கயிற்றின் முடிச்சைச் சுற்றி ஒட்ட ஆரம்பித்தது.

கூடு கட்டுகிறது என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. புரிந்ததும் சமையல் ஓடவில்லை. மிக்சியைப் போட்டால் பயந்துவிடுமோ என்று தேங்காயை லாத்தா வீட்டில் கொண்டுபோய் அரைத்தேன். குக்கர் விசில் கேட்டால் போய்விடுமோ என்று சாதத்தை வடித்தேன். அது எதற்கும் கவலைப்படவில்லை. கொடியில் காய்ந்த பாப்பாவின் கம்பளிக் குல்லாவிலிருந்து ஒரு ரோஸ் நூலை உருவியது. நான் கதவருகே அமர்ந்து தலை வாரிக்கொண்டிருந்தபோது, சீப்பிலிருந்து உதிர்ந்த முடிச் சுருளை என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போனது. சிறகுக் காற்று என் கையில் பட்டது. அந்த இடத்தை மறுகையால் மூடிக்கொண்டேன், காற்று போய்விடக் கூடாது என்பதுபோல. அப்புறம் அது கூட்டுக்கு ஆகுமா, முடி குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

கடைசியில் அது ஒரு பழைய காலுறை தொங்குவதுபோல் இருந்தது. சருகு, பஞ்சு, பேப்பர் துணுக்கு, எங்கள் குடும்பத்து முடி. பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேல் சின்னதாக ஒரு தாழ்வாரம். அடிப்பக்கம் கற்றாழையின் இரண்டு இலைகளோடு சேர்த்து நெய்யப்பட்டிருந்தது. லாத்தா டீ டம்ளரோடு மதிலில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"கண்ணு படக் கூடாதுன்னு ஒண்ணைக் கட்டுனே. இப்ப தெருவே வந்து அதைத்தானே கண்ணு போடுது. நானே காலைலேர்ந்து மூணு தடவை பாத்துட்டேன்."

"பாக்கலாமா லாத்தா? முட்டைக்கு ஆகாதோ?"

"எல்லாத்துக்கும் ஆகுமா ஆகாதான்னு கேட்டா பார்வையை எங்கே வைக்கிறது புள்ள? அல்லாவோட பரக்கத்து வீடு தேடி வந்தீக்கிது. பேசாமப் பாரு."

பெண் அடைகாக்க உட்கார்ந்ததும், வேலையற்றுப்போன ஆண் சண்டைக்கு ஆள் தேடியது. முற்றத்தில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டுகளில் அதற்கு எதிரி கிடைத்தான். தன் நிழலையே கொத்திக் கொத்தி டிங் டிங் என்று காலையில் எங்களை எழுப்பும். ஒரு நாள் தட்டுகளை நான் உள்ளே எடுத்துப்போக, எதிரியைத் துரத்திக்கொண்டு அதுவும் சமையலறைக்குள் வந்துவிட்டது. அதே நேரம் காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். இறக்கைகள் நிற்கிற வரைக்கும் அந்தக் கறுப்புப் புள்ளி அவற்றுக்கு ஊடே போய்வந்தது. ஜன்னல் கண்ணாடியில் மோதியது, திரும்ப மோதியது, மிக்சிக்குப் பின்னால் விழுந்தது. பாப்பா நடையில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தாள். அவளைத் துவட்டும் பூத்துண்டைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் அள்ளினேன்.

எடையே இல்லை. துண்டைத்தான் பிடித்திருக்கிறேனோ என்று ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். ஒரு கண் என்னைப் பார்த்தது. அதன் மார்பில் இருந்ததைத் துடிப்பு என்று சொல்ல முடியாது. சத்தம் நிறுத்திவைத்த செல்போனைக் கையில் பிடித்திருக்கும்போது யாரோ கூப்பிட்டால் ஒரு அதிர்வு வருமே, அது. பாப்பாவின் முகத்துக்கு அருகே கொண்டுபோனேன். அவள் ஒரு விரலால் அதன் தலையைத் தொட்டாள், வழக்கமாக எதையும் பிய்த்தெடுக்கிற விரல். பிறகு முழங்கையால் கதவைத் தள்ளி, கையை விரித்தேன். ஒரு கணம் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு கணத்துக்காக அன்று யாரைக் கண்டாலும் சொன்னேன். தண்ணீர் கேன் போட வந்தவரிடமும் சொன்னேன்.

மறுநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல்.

அந்த நாட்களில் டிவியைப் போட்டால் பறவைக் காய்ச்சல். முகமூடி கட்டியவர்கள் கோழிகளை மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். லாத்தா வீட்டில்கூடக் கோழி வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். நான் என் கையாலேயே ஒரு காட்டுப் பறவையைப் பிடித்து, என் மகளை அதன் தலையைத் தொடவும் விட்டிருந்தேன். டாக்ஸியில் ரூவி கிளினிக் போய்ச் சேர்வதற்குள் எனக்கே உடம்பு கொதிப்பதுபோல் இருந்தது. மலையாள டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். தொண்டைதான் சிவந்திருக்கிறது, மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், நேத்து ஒரு குருவியைத் தொட்டா."

"கோழியா?"

"இல்ல, தேன்சிட்டு. நான்தான் பிடிச்சேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "கையிலா? எங்ஙனே பிடிச்சு?" அடுத்த டோக்கன் கதவைத் திறந்து எட்டிப்பார்க்கிற வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகாது, கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வாசல்வரை வந்து, குஞ்சு பொரித்தால் போட்டோ எடுத்துவந்து காட்டச் சொன்னார்.

காய்ச்சல் மூன்றாம் நாளில் இறங்கிவிட்டது. ஆனால் அதற்குள் நான் இன்னொன்றைப் பார்த்திருந்தேன். கற்றாழை இலைகளைத் தொட்டேன், விரல் உள்ளே போயிற்று. வேர்ப்பக்கம் பழுப்பாகி, நீர் கோத்து, ஒரு புளித்த வாடை. பூத்தண்டு காய்ந்து சாய்ந்திருந்தது. அழுகினால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். கரும்பலகையில் எதை நிரூபித்தாலும் அந்த வாடை அங்கே இருந்தது, என் மகள் படுத்திருந்தாள். கழற்றி எறிந்துவிடலாம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கூட்டின் வாசலில் இரண்டு வாய்கள். வேறு எதுவுமே இல்லாத மாதிரி, வெறும் ஆரஞ்சு வாய்கள், என் கையை அம்மா என்று நினைத்துத் திறந்திருந்தன.

இறங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் அத்தைக்கு விசிட் விசா வந்த செய்தியும் வந்தது. "அமாவாசைக்கு முந்தின நாள் இறங்குதேன்" என்றார் போனில். "புதுக் கத்தாழயும் எடுத்து வச்சிட்டேன். பழசு எப்படி இருக்கு?"

"பாப்பா உங்க குரல் கேக்கணும்ங்கா அத்தை" என்று போனை அவள் காதில் வைத்தேன்.

அழுகிய கற்றாழை சுருங்கச் சுருங்கக் கயிற்றின் கட்டு தளர்ந்தது. ஒவ்வொரு காலையிலும் கூடு சற்றுக் கீழே இறங்கியிருந்தது. ஒரு நல்ல காற்று அடித்தால் செடி உருவிக்கொண்டு கூட்டோடு சிமென்டில் விழும். கீழே ஏசித் தண்ணீர் குடிக்க வரும் பூனை வேறு. ராத்திரி படுத்தால் எனக்கு அந்த முடிச்சுதான் தெரிந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் பின்வாசலில் நின்று, தலையைச் சாய்த்து, சைட்டில் ஏசிக் காற்றுக் குழாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மேல இருந்து இழுக்கக் கூடாது. அடியில சப்போர்ட் குடுக்கணும்" என்றார். "துணி ஏதாவது குடு. கனமில்லாதது."

பாப்பாவின் முக்கோண அரைத்துணி ஒன்றைக் கொடுத்தேன். அதைக் கற்றாழைக்கு அடியில் தூளிபோல் கொடுத்து, மூன்று முனையையும் மேலே சேர்த்து, பிளாஸ்டிக் வார் போன்ற கேபிள் டையால் ஆணியில் மாட்டினார். அந்த வேலை நடக்கும்போது தாய்ச்சிட்டு அவர் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்று திட்டியது. ட்சிக் ட்சிக் என்று ஊசி குத்துவதுபோல் ஒரு சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேபிள் டையை இழுத்தார். "எந்தக் கஸ்டமரும் இப்படிப் பேசினதில்ல" என்றார்.

பிறகு உள்ளே வந்து ஜன்னலில் நின்றோம். வராது என்று எனக்குத் தோன்றியது. மனுஷ வாடை பட்டுவிட்டது, சோப்பு வாடை, வெள்ளைத் துணி, எல்லாமே தப்பு. வேறு நிறத்தில் கொடுத்திருக்க வேண்டும். தாய் கொடியில் உட்கார்ந்து பார்த்தது. காகிதப்பூவுக்குப் போனது. திரும்பி வந்து தூளியின் விளிம்பில் தொற்றிக்கொண்டு, ஒரு தடவை அதைக் கொத்திப் பார்த்துவிட்டு, தலையைக் கூட்டுக்குள் விட்டது. என் கணவர் என் தோளை ஓங்கி அடித்தார். வலித்தது. அவர் அப்படியெல்லாம் அடித்துச் சந்தோஷப்படுகிறவர் இல்லை.

அத்தை வந்து இறங்கினார். பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சி, கன்னத்தைத் தடவித் தன் தலையில் நெட்டி முறித்து, "கத்தாழ எங்க?" என்றார். "பின்னால கெடக்கும்மா, காலைல பாத்துக்கிடலாம்" என்று அவர் மகன் சொல்லிவிட்டார். காலையில் நான் எழுந்து வருவதற்குள் அத்தை குளித்து, திருநீறு பூசி, ஒரு கையில் புதுக் கற்றாழையும் மறுகையில் என் காய்கறிக் கத்தியுமாகப் பின்வாசலில் நின்றிருந்தார்.

"ஏளா, இது என்ன கோலம்? அழுகிப்போன கத்தாழைக்குத் தூளி கட்டி வச்சிருக்கியளா?"

"உள்ள குஞ்சு இருக்கு அத்தை. ரெண்டு. இன்னும் நாலஞ்சு நாள்ல பறந்துரும்."

"அமாவாச இன்னைக்குல்லா."

"தெரியும் அத்தை."

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு அவன் சொன்னான். இது அழுகினதுக்கு முன்னாலயா பின்னாலயா?"

எனக்குள் நானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. லாத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடி கையை நிறுத்தியது தெரிந்தது. அத்தை ஸ்டூலை இழுத்துப்போட்டார்.

"என் பேத்தி பெருசா, குருவி பெருசா? சொல்லு பாப்போம்."

"பாப்பாதான் பெரிசு" என்றேன். "ஆனா இதைக் கழட்ட விடமாட்டேன் அத்தை."

கல்யாணமாகி அதுவரைக்கும் அவரிடம் மாட்டேன் என்று எதற்கும் சொன்னதில்லை. சொன்னபிறகு என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியவில்லை. ஸ்டூலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன், ஏற விடாமல் தடுக்கிறேனா, ஏறினால் விழாமல் பிடிக்கிறேனா என்று எனக்கே தெரியாமல். அத்தை என்னையே பார்த்தார். ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். ஸ்டூல் சிமென்டில் கிறீச்சிட்டது.

அப்போது கூட்டிலிருந்து ஒரு குஞ்சு வெளியே வந்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. பந்தை எறிந்ததுபோல் வந்து, அத்தையின் தோளில், முந்தானை மடிப்பில், நகத்தை ஊன்றிக்கொண்டு நின்றது. வால் இன்னும் முளைக்கவில்லை. அலகின் ஓரத்தில் மஞ்சள்.

"அசையாதீங்க அத்தை."

அத்தை அசையவில்லை. கத்தி ஒரு கையில், கற்றாழை ஒரு கையில், ஒரு கால் ஸ்டூலில். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். குஞ்சு கீச்சென்றது. மேலே கொடியிலிருந்து தாய் பதில் சொன்னது. காகிதப்பூக் கொடிக்குள் போனது, வந்தது. அத்தையின் காதுக்கு ஒரு விரல்கடை தள்ளி அந்தரத்தில் நின்றது. அதன் சிறகுக் காற்றில் அவர் காதோர நரைமுடி ஆடியது.

"ஏளா" என்றார் உதட்டை அசைக்காமல். "என்ன செய்யுது?"

"ஊட்டுது அத்தை."

"என் தோள்ல வச்சா?"

"ஆமா."

"என்னத்த ஊட்டுது?"

"எட்டுக்கால் பூச்சி."

"சிவசிவா" என்றார் அத்தை. கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் முகம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தது, யாரோ காதில் ரகசியம் சொல்லும்போது மாறுவதுபோல.

"மாமி, இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க" என்று மதிலிலிருந்து லாத்தா கிசுகிசுத்தார். "அது அடுத்த வாய்க்குப் போயீக்கிது."

அடுத்த வாய் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஆண் ஒரு தடவை வந்து, நடப்பதைப் பார்த்துவிட்டு, துணிக்கொடியில் உட்கார்ந்து பாடியது. என் கணவர் பல் தேய்த்தபடி வந்து, நுரையோடு வாசலிலேயே நின்றார். அவர் இடுப்பில் பாப்பா. பிறகு குஞ்சு ஒரு எம்பு எம்பி, காற்றில் தடுமாறி, லாத்தாவின் காகிதப்பூவுக்குள் போய் விழுந்தது. அங்கே போய்த் தாய் அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அத்தை காலைக் கீழே வைத்தார். கத்தியையும் கற்றாழையையும் வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார். முந்தானையில் இரண்டு இடத்தில் நூல் கிளம்பியிருந்தது.

"இன்னொண்ணு?" என்றார்.

"உள்ளதான் இருக்கு அத்தை."

"அதுக்கு இன்னும் தைரியம் வரல போலுக்கு." கொஞ்ச நேரம் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் துணி உலத்துத கம்ப எடு. பூனை ஏதும் வந்துரப்போவுது."

அன்று முழுக்கக் கம்பும் கையுமாக அங்கேயே இருந்தார். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மகன் பின்வாசல் பக்கம் போக வேண்டுமென்றாலும் அவர் அனுமதி வேண்டியிருந்தது. நான் ஒவ்வொரு தடவை கதவைத் திறந்தபோதும் அமாவாசை முடிகிறதே, ஏதாவது சொல்வாரோ என்று முகத்தைப் பார்த்தேன். "கதவ ஆட்டாத" என்று மட்டும் சொன்னார். நடுவில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தா பாரு, உன்னய மாரி சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிக்குதா அது?" என்று அவளுக்குப் பருப்புச் சாதம் ஊட்டினார். தாய் தன் குஞ்சுக்கு ஊட்டுகிற நேரம் பார்த்து அவரும் ஊட்டினார். பாப்பா தட்டைக் காலி செய்தாள். வெளிச்சம் போன பிறகுதான் அத்தை உள்ளே வந்தார்.

விடிந்து பார்த்தால் கூடு காலி. காகிதப்பூவுக்குள்ளிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. நான் எண்ணிச் சரிபார்த்தேன், திரும்பவும் சரிபார்த்தேன். அத்தை ஸ்டூலில் ஏறினார். இந்தத் தடவை ஸ்டூலை நான்தான் பிடித்தேன். கேபிள் டையை வெட்டி, தூளியோடு எல்லாவற்றையும் இறக்கினார். அழுகிய கற்றாழையை ஒரு பையில் போட்டுக் கட்டினார். இலையோடு நெய்திருந்த கூட்டைக் கத்தி நுனியால் பிரித்தெடுத்து, அதில் பாப்பாவின் ரோஸ் நூலையும் என் முடியையும் கண்டு, அப்படியே ஜன்னல் திண்டில் வைத்தார். பிறகு புதுக் கற்றாழையை அதே ஆணியில் கட்டினார். முடிச்சை நான்கு தடவை இழுத்துப் பார்த்தார்.

இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார்.

"இது பூக்க எம்புட்டு நாளாகும்?"

"பழசு வந்து நாலு மாசத்துல பூத்துது அத்தை."

டூட்டிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகன் பக்கம் அத்தை திரும்பினார். "ஏய்யா, எனக்கு விசா மூணு மாசந்தானே? அத நீட்டலாம்லா?"